அம்மா அழிக்காத கோப்பு

நம்மோடு படித்தவர்களின் வாட்ஸ்அப் குழுவில் வழக்கமாகக் காலை வணக்க ரோஜாவும் முட்டிவலிக்கு வெந்தயமும்தான் வரும். போன வாரம் அதிசயமாக ஒரு சண்டை வந்தது. நம்மில் ஒருத்தி மகனைப் புரோகிராமிங் வகுப்பில் சேர்க்கப் போகிறாளாம். எழுதுவது, ஓட்டுவது, தப்புக்குச் சிவப்புக் கோடு போடுவது என்று எல்லா வசதியும் ஒரே திரைக்குள் இருக்கிற மென்பொருளைப் புதுப் பிள்ளைக்குக் கொடுப்பதா, இல்லை வெறும் பக்கத்தில் எழுதி நீயே ஓட்டிப் பார் என்று விடுவதா என்று கேட்டிருந்தாள். நீங்கள் எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் நின்று கொண்டீர்கள். கடைசியில், "இருவது வருசமா இதே வேலையில இருக்கவ நீதான், நீ சொல்லு" என்று என்னைக் கோத்துவிட்டீர்கள்.

நான் பதில் போடவில்லை. எனக்குப் பதில் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒரு கோடை விடுமுறை மட்டும்தான். அதைக் கேட்டு நீங்கள் எந்தப் பக்கம் சாய்வீர்களோ, எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நூற்றாண்டு முடிய ஒரு வருடம் இருந்த கோடை அது. நாம் எட்டாம் வகுப்பு முடித்திருந்தோம். அம்மா நம் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர் என்பது நினைவிருக்கும். உங்களில் பாதிப் பேர் அவளிடம் காதைக் கொடுத்தவர்கள். அவள் வேலை நிர்வாகம் சம்பளம் கொடுக்கிற வேலை, அரசாங்கத்து வேலை இல்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்காது. அப்பா இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அந்த ஒரு சம்பளத்தில்தான் நாங்கள் இருவரும் இருந்தோம்.

பரீட்சைத் தாள் திருத்தி முடித்த அன்று தலைமை சிஸ்டர் அம்மாவை அறைக்குக் கூப்பிட்டார்.

"டீச்சர், ஜூன்ல பிளஸ் ஒன்னுக்கு கம்ப்யூட்டர் குரூப் ஆரம்பிக்கிறோம். கணக்குக்கு இனிமே ரெண்டு பேரு தேவையில்ல. நீங்க கம்ப்யூட்டர் படிச்சுட்டு வாங்க, அந்த எடம் ஒங்களுக்குத்தான். மே மாசக் கடைசில வெளியாள வச்சு டெஸ்ட்டு நடத்துவோம். மதுரைல இருந்து ஒரு பொண்ணும் விண்ணப்பம் போட்டிருக்கு. பாத்துக்கங்க."

"சரிங்க சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு அம்மா வெளியே வந்தாள். அதுவரை அவள் கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை. வேலை இருக்குமா போகுமா என்பது அடுத்த ஐம்பது நாளில் முடிவாகிவிடும். அன்று மாலையே நாகல் நகரில் ஒரு சேலைக் கடைக்கு மாடியில் இருந்த சென்டரில் சேர்ந்தாள். காலேஜ் பையன்களுக்கு நடுவே தனியாக உட்காரக் கூச்சப்பட்டு என்னையும் துணைக்குக் கூட்டிப்போனாள். ஒரு மெஷினுக்கு இரண்டு பேர் உட்காரலாம் என்பது அங்கே விதி.

அந்த அறையை உங்களால் மறக்க முடியாது, உங்களில் சிலரும் பிறகு அங்கேதான் படித்தீர்கள். வெளியே செருப்பை விட வேண்டும். கதவைத் திறந்தால் ஏசிக் குளிரும் ரூம் ஸ்பிரே வாசமும், அதற்குக் கீழே தோல் பதனிடும் ஷாப்புகளின் வாடையும் சேர்ந்து வரும். ஒவ்வொரு மெஷினுக்கும் உறை போட்டிருக்கும். உறையை எடுத்து நாலாய் மடித்து வைத்துவிட்டுத்தான் சுவிட்சைப் போட வேண்டும். அம்மா அதை மாதா சுரூபத்தின் துணியை எடுப்பதுபோல் எடுப்பாள். பிறகு கைக்குட்டையால் பத்து விரலையும் துடைத்துக்கொண்டுதான் கீபோர்டைத் தொடுவாள்.

அங்கே சொல்லிக் கொடுத்தவரை நாங்கள் சென்டர் சார் என்போம். இருபத்திரண்டு வயது இருக்கலாம், அன்று எனக்கு அவர் பெரிய மனிதர். எடுத்த எடுப்பிலேயே ஒரு நீலத் திரையைத் திறந்து வைத்தார். மேலே பட்டியல், நடுவில் எழுதும் இடம், கீழே தப்பைச் சொல்லும் இடம். எழுதும்போதே சில வார்த்தைகள் வெள்ளையாக மாறும். தப்பு இருந்தால் அந்த வரியிலேயே போய்ப் பட்டையடித்துக் காட்டும். மானிட்டர் ஓரத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. சேமிக்க ஒரு கீ, சரிபார்க்க ஒரு கீ, ஓட்டக் கண்ட்ரோலும் எஃப் ஒன்பதும். அரை மணி நேரத்தில் எனக்கு அத்தனையும் மனப்பாடம்.

அம்மா அப்படி இல்லை. பழுப்பு அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று வாங்கி, முதலில் அதில் எழுதுவாள். கட்டம் போட்டு, ஒவ்வொரு வரி முடிந்ததும் எந்த எண் என்னவாகிறது என்று கையால் கணக்குப் போட்டுப் பார்ப்பாள். அது சரியாக வந்தபிறகுதான் மெஷினுக்கு வருவாள். அதற்குள் எங்களுக்கென்று தினமும் ஒதுக்கிய ஒரு மணி நேரத்தில் முக்கால்வாசி போயிருக்கும். எனக்குக் கடுப்பாக இருக்கும். "தள்ளுங்கம்மா, நான் அடிக்கிறேன்" என்று கீபோர்டை என் பக்கம் இழுத்துக்கொள்வேன். தப்பு வந்தால் பட்டையடித்த வரியில் ஏதாவது ஒன்றை மாற்றி, ஓடுகிறவரை மாற்றிக்கொண்டே இருப்பேன். ஓடிவிட்டால் சென்டர் சார் என்னைப் பார்த்து, "சூப்பர் பாப்பா" என்பார். அம்மாவும் சிரிப்பாள். அவள் கற்றுக்கொள்ள வேண்டியதை நான் தின்றுகொண்டிருந்தேன் என்று இப்போது தெரிகிறது. அன்று உதவி செய்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

போதாக்குறைக்கு அந்தக் கோடையில் தண்ணீர் பத்து பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறைதான் வந்தது. வருகிற நாளும் நேரமும் யாருக்கும் தெரியாது. சென்டருக்குக் கிளம்பும் நேரத்தில், "டீச்சர், தண்ணி வந்துருச்சு" என்று தெருவில் குரல் கேட்டால் அம்மா குடத்தோடு ஓட வேண்டும். "நீ போய் ஒக்காந்துக்க பாப்பா, நான் வாரேன்" என்பாள். வர மாட்டாள். அவளுடைய மணி நேரத்தில் நான் தனியாக உட்கார்ந்து திரையில் நட்சத்திரக் குறிகளை அடுக்கி முக்கோணம் வரைந்துகொண்டிருப்பேன்.

ஒருநாள் அவள் பகா எண் கண்டுபிடிக்கிற புரோகிராம் எழுதினாள். சென்டர் சார் கொடுத்த புத்தகத்தில், அந்த எண்ணின் பாதிவரை ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்கச் சொல்லியிருந்தது.

"பாதி வரைக்கும் எதுக்கு சார் போகணும்? வர்க்கமூலம் வரைக்கும் போனாப் போதும்ல?" என்றாள் அம்மா.

"புக்ல அப்படி இல்லீங்களே டீச்சர்."

"இல்லாட்டி என்ன, கணக்கு அப்படித்தான சொல்லுது?"

சார் தலையைச் சொறிந்தார். அம்மா தன் வழியிலேயே எழுதினாள். நோட்டில் அந்தப் பக்கம் இன்றும் இருக்கிறது, பதினோரு வரி, நீல மை. அதில் குறை என்று எதுவும் இல்லை.

அதை அடிக்கும்போதுதான் நான் கையை நீட்டினேன். "அம்மா, மேல கானியோ போடல. அப்புறம் கிளியர் ஸ்கிரீன். கடைசில கெட்ச்."

நாம் எல்லோரும் போட்ட மூன்று வரிகள் அவை. கானியோ என்று ஒரு கோப்பை மேலே கூப்பிட வேண்டும். அடுத்தது பழைய திரையைத் துடைக்கும் வரி. கடைசி வரி கெட்ச். ஜெபத்தின் முடிவில் ஆமென் சொல்வதுபோல அந்த ஊரில் புரோகிராம் எழுதிய அத்தனை பேரும் அதைச் சொல்லித்தான் முடித்தோம்.

"இது மூணும் எதுக்கு பாப்பா?"

"அது அப்படித்தாம்மா. போடாட்டி ஓடாது. நான் போட்டும் பாத்துட்டேன், போடாமலும் பாத்துட்டேன்."

பொய் சொல்லவில்லை. கெட்ச் போடாமல் ஒருமுறை ஓட்டினேன், திரை ஒரு கணம் சிமிட்டிவிட்டு நீலமாகவே நின்றது. அதனால் ஓடவில்லை என்று முடிவுகட்டினேன். உண்மையில் ஓடியிருந்தது. விடை வேறொரு திரையில் விழுந்து, நான் பார்ப்பதற்குள் நீலம் அதை மூடிவிட்டது. ஒரு கீயை அழுத்தும்வரை காத்திரு என்று சொல்வதற்கு மட்டும்தான் கெட்ச். அதுவும் அந்த நீலத் திரைக்கு மட்டும்தான். கானியோ கோப்பும் அந்த மென்பொருளோடு மட்டுமே வருவது. இதைச் சொல்ல அந்த மாடியில் யாரும் இல்லை. சென்டர் சாரிடம் அம்மா கேட்டபோது அவரும், "அது போடணுங்க டீச்சர், எல்லாரும் போடுவாங்க" என்றுதான் சொன்னார்.

அம்மா மூன்று வரிகளையும் நோட்டில் இண்டு இடுக்கில் நுழைத்து எழுதினாள், கறுப்பு மையில். ஒவ்வொன்றின் ஓரத்திலும் சின்னதாக ஒரு கேள்விக்குறி போட்டாள்.

பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்த சித்தப்பா, அப்பாவின் தம்பி, கோயில் திருவிழாவுக்கு வந்தவர் ஒருநாள் எங்களோடு சென்டருக்கு வந்தார். நீலத் திரையைப் பார்த்ததுமே முகத்தைச் சுளித்தார்.

"அண்ணி, மொதல்ல இத மூடுங்க. எந்த வசதியும் இல்லாத எடத்துல எழுதிப் பழகுங்க. எழுதுறது ஒண்ணு, அத மெஷின் பாஷைக்கு மாத்துறது ஒண்ணு, ஓட்டுறது ஒண்ணு. மூணையும் கையால செஞ்சாத்தான் எது எங்க நடக்குதுன்னு தெரியும்."

சென்டர் சாருக்குச் சுருக்கென்றது. "மொத நாளே கறுப்பு ஸ்கிரீன்ல தப்பு தப்புன்னு வந்தா, ரெண்டாம் நாள் யாரு சார் படி ஏறுவா? கிரைண்டர் இருக்கப்ப ஆட்டுக்கல்லுல ஆட்டிப் பழகுன்னு சொல்றீங்க."

"கிரைண்டர்ல போடுறவங்களுக்கும் அரிசி ஊறிருச்சான்னு தெரியணும்ல? தப்பு வந்தா என்ன செய்யணும்னு தெரியாதவங்க என்னத்தப் படிச்சாங்க?"

"டீச்சருக்கு டெஸ்ட்டுக்கு இன்னும் மூணு வாரந்தான் இருக்கு சார். இப்பப் போயி மாத்துனா?"

இரண்டு பேரும் அம்மாவின் தலைக்கு மேலே பேசினார்கள். அவள் நாற்காலியில் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு இவரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். நடுவில் ஒருமுறை விரலை அந்தக் கறுப்பு மை வரிகளில் வைத்து, "செத்த இருங்க, இந்த மூணு வரி எதுக்குன்னு மட்டும் யாராச்சும் சொல்லுங்க" என்றாள். சித்தப்பா கையை அசைத்து, "அதெல்லாம் இந்த நீல ஸ்கிரீன் பண்ற கூத்து அண்ணி, பெறகு சொல்றேன்" என்றுவிட்டு வாதத்துக்குத் திரும்பினார். மணி முடிந்து அடுத்த பேட்ச் பையன்கள் வாசலில் செருப்பைக் கழற்றத் தொடங்கினார்கள். நாங்கள் உறையை மாட்டிவிட்டு இறங்கினோம்.

வசதி எதுவும் இல்லாத வெறும் கருவிகளை ஒரு பிளாப்பியில் போட்டு அனுப்புகிறேன் என்று சித்தப்பா சொல்லிப் போனார். அம்மா இரண்டு வாரம் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிளாப்பி வரவில்லை. பிற்பாடு எல்லாம் முடிந்தபிறகு போனில், "அன்னைக்கே அண்ணிகிட்டச் சொன்னேன்ல" என்றார். அவர் சொன்னது சரிதான். அவர் சரியாகச் சொன்னதில் அம்மாவுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

டெஸ்ட்டு நம் தையல் வகுப்பில் நடந்தது. தையல் மெஷின்களை ஓரமாகத் தள்ளிவிட்டு, முந்தின நாள் வந்திறங்கிய புதுக் கம்ப்யூட்டர் ஒன்றை நடுவில் வைத்திருந்தார்கள். அம்மா நல்ல காரியத்துக்குக் கட்டுகிற மாம்பழ நிறச் சேலையைக் கட்டியிருந்தாள். நான் கடைசி பெஞ்சில் அவள் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மதுரைப் பெண் வராந்தாவில் காத்திருந்தாள். சோதிக்க வந்தவர் ஏதோ ஒரு கல்லூரி விரிவுரையாளர், மெதுவாகப் பேசுகிறவர்.

திரை கறுப்பாக இருந்தது. மூலையில் ஒரு சின்னக் கோடு விட்டு விட்டு எரிந்தது.

"நீல ஸ்கிரீன் இதுல ஏத்தலீங்க டீச்சர். மெஷின் குடுத்தவங்க ஃப்ரீயாக் கெடைக்கிறதப் போட்டுக் குடுத்துட்டாங்க. பரவால்ல, இங்க அடிங்க, சேவ் பண்ணுங்க, அப்புறம் இந்த வரிய அடிச்சீங்கன்னா ஓடும்" என்று விரிவுரையாளர் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். "ஒரு நம்பர் பகா எண்ணா இல்லையான்னு பாக்கணும். அம்புட்டுத்தான்."

எனக்குக் குதிக்கலாம் போலிருந்தது. அம்மாவுக்கு அது தூக்கத்திலும் தெரியும். அவள் கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டாள். இரண்டு விரலால் அடிக்கத் தொடங்கினாள். வார்த்தைகள் நிறம் மாறாததைப் பார்த்து ஒருமுறை தயங்கினாள், பிறகு தொடர்ந்தாள். பார்க்காமலே முழுவதையும் அடித்தாள். அந்த மூன்று வரிகளையும் மறக்காமல் போட்டாள். துண்டுச் சீட்டில் இருந்ததை அடித்து என்டர் தட்டினாள்.

ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி வந்தது. அம்மா மெல்ல வாய்விட்டுப் படித்தாள். கானியோ என்று ஒரு கோப்பு இல்லை.

எந்த வரியும் பட்டையடித்து நிற்கவில்லை. கறுப்பில் அந்த ஒரு வாக்கியம் மட்டும் இருந்தது. அம்மா எழுதியதைத் திரும்பத் திறந்து, சரியாக இருந்த இடத்தில் இன்னொரு அரைப்புள்ளி வைத்தாள். அதே வாக்கியம் வந்தது. அரைப்புள்ளியை எடுத்தாள். அதே வாக்கியம். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தும் அவள் முதுகில் ரவிக்கை நனைந்துகொண்டே வந்தது. என்னால் தாங்க முடியவில்லை. பெஞ்சில் இருந்து எழுந்து, "கண்ட்ரோல் எஃப் நைன் அழுத்துங்கம்மா!" என்று கத்தினேன்.

அவள் அழுத்தினாள். நான் சொன்னால் அழுத்துவாள். திரையில் ஒரு கிறுக்கல் விழுந்தது. என்னிடம் வேறு கீ எதுவும் இல்லை. சீட்டில் இருந்த அத்தனையும் எனக்கு மனப்பாடம், அதில் ஒன்றுகூட அந்தக் கறுப்புக்குப் பொருந்தவில்லை. நான் உட்கார்ந்துவிட்டேன்.

விரிவுரையாளர் கேட்டார், "டீச்சர், ஒரு பிள்ளைக்கு இப்படி வந்து நிக்குதுன்னு வச்சுக்கங்க. நீங்க என்ன சொல்லுவீங்க?"

அம்மா எழுந்து நின்றாள். "சார், இந்தக் கோப்பு எல்லா மெஷின்லயும் இருக்கும் சார். நான்தான் கை தவறி எதையோ அழிச்சுட்டேன் போல. புது மெஷினு. மன்னிச்சிருங்க."

அவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வாசலில் நின்ற சிஸ்டர், "மெஷினுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று பதறிக்கொண்டு உள்ளே வந்தார். "அதெல்லாம் ஒண்ணுமில்ல சிஸ்டர்" என்று அவரைச் சமாதானப்படுத்துவதில் விரிவுரையாளரின் வாக்கியம் போய்விட்டது. அம்மா வெளியே வந்தாள். மதுரைப் பெண் உள்ளே போய்ப் பத்து நிமிடத்தில் திரும்பினாள். ஜூனில் பிளஸ் ஒன்னுக்கும் ஒன்பதாவது போன நமக்கும் கம்ப்யூட்டர் மிஸ்ஸாக வந்தது அவள்தான். நல்லவள், நமக்கெல்லாம் பிடித்திருந்தது. எனக்கும் பிடித்திருந்தது, அதை வீட்டில் சொன்னதில்லை.

அம்மாவுக்குச் சித்தையன்கோட்டைப் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு கிடைத்தது. காலையில் இருட்டோடு எழுந்து இரண்டு பஸ் மாறிப் போவாள். வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துவிட்டுப் பொழுது சாயத் திரும்புவாள். பதினேழு வருடம் அப்படியே போனது. அதற்குப் பிறகு அவள் எந்த மெஷினையும் தொடவில்லை. பேங்கில் பணம் எடுக்கும் இயந்திரத்துக்கு முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பாள், நான்தான் எண்களை அழுத்த வேண்டும். செல்போனில்கூடப் பச்சைப் பொத்தானைத் தவிர வேறெதையும் தொட மாட்டாள். "நான் தொட்டா எதாச்சும் அழிஞ்சிரும்" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள்.

எனக்கு விஷயம் தெரிந்தது காலேஜில். நான் கம்ப்யூட்டரே படித்தேன், அவள்தான் படிக்க வைத்தாள். மூன்றாவது செமஸ்டர் லேபில் கறுப்புத் திரை. வழக்கம்போல மூன்று வரிகளோடு அடித்தேன், அதே வாக்கியம் வந்து நின்றது. பக்கத்தில் இருந்தவள் எட்டிப் பார்த்து, "அது இங்கல்லாம் கெடையாதுடி, அந்த மூணையும் எடுத்துரு" என்றாள். எடுத்தேன். ஓடியது. எனக்கு அங்கேயே அழுகை வந்தது, ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை. அன்று இரவு ஹாஸ்டல் போனில் அம்மாவிடம் சொல்ல நினைத்து, சாப்பிட்டீங்களாம்மா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். பிறகு இருபது வருடம் அதே கதைதான். வெட்கம்தான் காரணம், வேறு சாக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

உங்கள் சண்டை அதைக் கிளப்பிவிட்டது. சனிக்கிழமை ஊருக்குப் போனேன். பீரோவின் அடித்தட்டில் நீள நோட்டு இருந்தது, அட்டையின் பழுப்பு வெளுத்திருந்தது. என் லேப்டாப்பைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, நீல மையில் இருந்த பதினோரு வரிகளை மட்டும் அடித்தேன்.

"கிட்ட வாங்கம்மா. ஒரு நம்பர் சொல்லுங்க."

அம்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். "தொண்ணூத்தியேழு."

பகா எண் என்று வந்தது.

"தொண்ணூத்தியொண்ணு குடு. அதுலதான் பிள்ளைங்க ஏமாறும்."

பகா எண் இல்லை என்று வந்தது. அம்மாவின் முகம் வகுப்பில் இருந்த முகமாக மாறியது.

"இது நீங்க எழுதுனதும்மா. அன்னைக்கு நீங்க எதையும் அழிக்கல. அந்தக் கோப்பு அந்த மெஷின்ல மொதல்லருந்தே கெடையாது."

அடுத்த வாக்கியத்தை நான் பஸ்ஸில் வழிநெடுகச் சொல்லிப் பார்த்திருந்தேன், போடச் சொன்னது நான்தாம்மா என்று. அது வாய்வரை வந்து நின்றது. அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தாள். நோட்டையும் திரையையும் வரிவரியாக ஒப்பிட்டுப் பார்த்தாள், பரீட்சைத் தாள் திருத்துவதுபோல. விரல் திரையில் படாமல் ஒரு அங்குலம் தள்ளியே நகர்ந்தது. கடைசி வரிக்கு வந்ததும் நின்றது.

"கெட்ச் போடலையே பாப்பா. மேல கானியோவும் விட்டுட்ட" என்றாள். "அது இல்லாட்டி ஓடாதுன்னு நீதான சொன்ன? சேத்துரு. மெஷினு கெட்டுப்போயிரப் போகுது."

விடை திரையிலேயே இருந்தது. அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, நான் சேர்ப்பதற்காகக் காத்து நின்றாள்.